கொலுப்ரிடே: அவிநாசி வட்டாரத்துப் பாம்புகள்

பாம்புக் குடும்பங்களில் மிகப் பெரியது கொலுப்ரிடே. உலகில் அறியப்பட்ட சுமார் 4,000 பாம்பினங்களில் ஏறத்தாழப் பாதி இதில் அடங்கும். ஜெர்மானிய விலங்கியலாளர் ஓப்பல் 1811-இல் வகுத்த இக்குடும்பம், அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் பரவியிருக்கிறது. அவிநாசியில் இவற்றைப் பார்க்க மலையேற வேண்டியதில்லை. சோளக்காடு, கிளுவை வேலி, கிணற்றுமேடு, குளக்கரை என மனிதர் புழங்கும் இடங்களிலேயே வாழ்கின்றன.

உழவருக்கு மிக வேண்டியது சாரை. சாதாரணமாக இரண்டு மீட்டர் வரை வளரும். பகலில் இரை தேடும், எலி வளைக்குள்ளும் புகும். நஞ்சு அறவே கிடையாது. அப்படியிருந்தும் நல்ல பாம்பு என்று எண்ணி அடித்துக் கொல்லப்படுவது பெருங்கொடுமை. சாரையும் நாகமும் பிணைவதாக ஊரில் சொல்லும் காட்சி, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டே. உடலை முறுக்கித் தலையை உயர்த்தி, ஒன்றையொன்று தரையோடு அழுத்தப் பார்க்கும், தோற்றது விலகிப்போகும். நாகம் எலாப்பிடே என்னும் வேறு குடும்பம். இரண்டும் இணைசேர்வதில்லை. தோலுக்காகவும் சாரைகள் ஏராளமாகக் கொல்லப்பட்டன. 1970களில் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது.

கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகையைப் பார்க்கும் என்று பழி சுமத்தப்பட்ட கொம்பேறிமூக்கனும் நஞ்சற்றதே. ஓணான், தவளைகளைத் தின்னும். கண்ணைக் கொத்தும் என்று அஞ்சப்படும் பச்சைப்பாம்புக்குக் கடைவாயில் மெல்லிய நஞ்சு உண்டு. அது பல்லியை அடக்கும், மனிதரைக் கொல்லாது. இப்பாம்பு முட்டையிடாமல் குட்டி போடும். தமிழகச் சமவெளியின் பச்சைப்பாம்பும் இலங்கையினதும் வெவ்வேறு இனங்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு பிரித்தது.

குளங்களில் மீனும் தவளையும் தின்னும் தண்ணீர்ப்பாம்பைச் சில அறிஞர்கள் தனிக் குடும்பமாகவே வைக்கின்றனர். 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் நீர் நிரப்பும் 1,045 குளம் குட்டைகள் போன்றவையே அதற்கேற்ற இடம்.

கவனம் வேண்டியது வெள்ளிக்கோல் வரையனிடம். இரவில் வீட்டுச் சுவரேறிப் பல்லி பிடிக்கும் இந்த நஞ்சற்ற பாம்பு, கொடிய கட்டுவிரியனைப் போலவே தெரியும். வரையனின் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் முன்பகுதி வெறுமையாகவும் வால்பக்கப் பட்டைகள் தெளிவாகவும் இருக்கும். கட்டுவிரியனின் நடுமுதுகுச் செதில்கள் பெரிய அறுகோணங்கள். இருட்டில் இந்தக் கணக்கெல்லாம் உதவாது. கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்கவும் செய்யாது. எது கடித்தது என்று தெரியாவிட்டால், இறுக்கக் கட்டுப்போடாமல், உடனே நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.