ராகு காலத்துக்கு மேலே ஒரு கடைப்பெயர்

தமிழ்நாட்டின் மளிகைக் கடைக்காரரும் ஜவுளிக் கடைக்காரரும் அடகுக் கடைக்காரரும் புத்தாண்டை ஒட்டி வாடிக்கையாளருக்குக் காலண்டர் கொடுக்கும் வழக்கம், பார்வைக்கு மரியாதையாகத் தோன்றினாலும், சிறு வணிகம் தனக்கென அமைத்துக்கொண்ட முதல் ஒழுங்கான விளம்பர ஏற்பாடாகும். நோட்டீஸ் எனப்படும் துண்டுப் பிரசுரம் கைக்கு வந்த அன்றே கசங்கிப் போய்விட, சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்ட காலண்டரோ கடையின் பெயரை 365 நாளும் வீட்டுக்குள் நிறுத்தி வைத்தது.

இந்த ஏற்பாட்டின் ஊர் சிவகாசி. மழை குறைந்த, நிலம் கைவிட்ட அப்பகுதியிலிருந்து 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தொழிற்சாலைகளுக்குப் பெட்டியின் மேல் ஒட்ட லேபிள்கள் தேவைப்பட்டன. அந்தத் தேவையே அச்சுத் தொழிலை அங்கே வேரூன்றச் செய்தது. முதலில் வந்தது கல் அச்சு, அதாவது வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, எண்ணெயும் நீரும் ஒட்டாத இயல்பைக் கொண்டு படியெடுக்கும் முறை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் வேண்டியிருந்ததால், பல வண்ணப் படம் என்பது அன்று பொறுமையின் அளவாகவே இருந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்துப் பழகிய அச்சகங்களுக்குக் காலண்டர் படம் அடுத்த படியாக வாய்த்தது.

படத்துக்கு ஓவியர் அருகிலேயே கிடைத்தார். சென்னையில் ஓவியம் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டிவந்த சி. கொண்டையராஜு (1898–1976) 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட, அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி அச்சேறித் தமிழ் வீடுகளின் பூசையறை வரை சென்றன. நாடக மேடையின் பின்திரை தீட்டிய கை என்பதாலோ என்னவோ, அவ்வோவியங்களில் தெய்வம் எப்போதும் பார்வையாளரை நோக்கியே நிற்கிறது. ஆண்டு முடிந்து தாள்கள் தீர்ந்த பின்னும் சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராத வீடுகளில், படத்தோடு சேர்ந்து கடைப்பெயரும் தங்கியது. எந்த விளம்பரக் கணக்கிலும் எழுதப்படாத இலாபம் இது.

எனினும் இவ்வழக்கத்தின் உயிர்நாடி படமன்று, அதன் அடியில் தகரப் பட்டையால் இறுக்கப்பட்டிருந்த தினத்தாள் கட்டே ஆகும். ஒரு தாளில் தேதி பெரிய எழுத்திலும், ஞாயிறும் விடுமுறையும் சிவப்பிலும் இருக்க, ஓரங்களில் தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் ஆகியவை நெருங்கி நிற்கும். இஸ்லாமியரின் பிறைக் கணக்கும் கிறித்தவரின் திருநாளும் அதே தாளில் இடம் பிடித்தன. பெண் பார்க்கப் புறப்படுபவரும் கடன் கேட்கப் போகிறவரும் காலையில் தாளைக் கிழிக்கும்போது, கண் ராகு காலத்துக்குப் போகும் வழியில் அதற்கு மேலே அச்சிடப்பட்டிருந்த கடைப்பெயரைக் கடந்தே சென்றது. விளம்பரத்தை எவரும் பார்க்கும்படி வேண்டவில்லை. பார்க்கவேண்டிய ஒன்றின் மேல் அது உட்கார்ந்திருந்தது.

கடைக்காரருக்கு இதில் வேலை மிகக் குறைவு என்பதையும் கவனிக்கவேண்டும். ஆடிப்பெருக்கு நாளில் பூசை போட்டு மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பத்தைச் சிவகாசி அச்சகங்கள் வெளியிட, ஏஜெண்டுகள் அதைச் சுமந்து ஊர் ஊராகச் செல்வர். கடைக்காரர் பக்கங்களைப் புரட்டிப் படத்தைச் சுட்டிக்காட்டி, எண்ணிக்கை சொல்லி, முன்பணம் கொடுத்தால் போதும். படங்கள் மொத்தமாக அச்சாகிப் பெயருக்கான இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும்; அவரவர் கடைப்பெயரும் முகவரியும் பின்னர் அதில் தனியே ஏற்றப்படும். இருநூறு காலண்டர் வாங்கும் பெட்டிக் கடைக்கும் கட்டுப்படியாகும் விலை அமைந்ததற்கு இந்தப் பிரிவினையே காரணம். ஓவியர், அச்சுக்காரர், பஞ்சாங்கம் கணித்தவர் என மூவர் ஆண்டு முழுதும் உழைக்க, வணிகரின் பங்கு ஆடியில் அரைமணி நேரமாகவே இருந்தது.

2017இல் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸும், 2018இல் வணிகர்களுக்கான தனிச் செயலியும் வந்து, 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்ட சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் இந்தியாவில் அறிமுகமான பின், அந்த மூவரின் வேலையும் கல்லாவில் அமர்ந்திருப்பவர் தலையில் விழுந்தது. புதுச் சரக்கு வந்த மறுகணமே சேலையை விரித்துப் படம் பிடிப்பதும், விலை சொல்வதும், பாட்டு சேர்ப்பதும், நாளைக்கு என்ன போடுவது என்று யோசிப்பதும் அவருடையவையே. ஸ்டேட்டஸின் ஆயுள் 24 மணி நேரம். ஆண்டுக்கு ஒருமுறை முடிந்த காரியம் நாள்தோறும் முடிக்கவேண்டியதாயிற்று. புதிய கருவி செலவைக் குறைத்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே. குறைந்தது பணம், கூடியது நேரம்.

ஆகவே பல கடைக்காரர்கள் பழைய தாளிடமே திரும்பியிருப்பதில் வியப்பில்லை. விடிந்ததும் அன்றைய தேதியும் நல்ல நேரமும் ராகு காலமும் கொண்ட படமொன்றைக் கடைப்பெயருடன் ஸ்டேட்டஸில் ஏற்றிவிட்டு, அதன் பிறகே ஷட்டரைத் தூக்குகிறார்கள்.