பிரெஞ்சு பென்சனும் இரண்டு நாட்டு வரியும்

புதுவையில் "அவருக்குப் பிரெஞ்சு பென்சன்" என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. பெண் கொடுப்பவர் முதல் மளிகைக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் புரியும். ஆனால் அந்தப் பென்சனுக்கு எந்த நாட்டில் வரி கட்டவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரே தெருவில் மூன்று விதமான பதில் வரும். மூன்றும் சரியாகவே இருக்கக்கூடும் என்பதுதான் இதில் வேடிக்கை.

பிரெஞ்சு வழியில் படித்தவன், அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்ற இரண்டு காரணங்களால், பிரான்சிலிருந்து வரும் வரிக் கடிதங்களைப் படித்துச் சொல்லும் வேலை ஓய்வுக்குப் பிறகு என்னைத் தேடி வந்தது. பெரும்பாலும் நுவாசி-லெ-கிரான் என்ற ஊரிலுள்ள, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான வரி அலுவலகத்தின் கடிதங்கள். அவற்றைப் படிக்கப் படிக்க, எங்கள் ஊர்ச் சரித்திரமே இந்த வரிக் கணக்குக்குள் ஒளிந்திருப்பது தெரிந்தது. என் குடும்பத்தையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

1954 நவம்பர் 1 அன்று புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்டு 16 அன்று. அந்த நாளில் யார் எங்கே குடியிருந்தார் என்பதை வைத்துத்தான் குடியுரிமை தீர்மானமானது. புதுவையில் பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். இதைத்தான் ஊரில் 'ஒப்சியோன்' என்பார்கள். ஏறக்குறைய 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு வெளியே குடியிருந்த புதுவைக்காரர்களோ எதுவும் எழுதாமலே பிரெஞ்சுக்காரர்களாக நீடித்தார்கள்.

என் தந்தையார் பிரெஞ்சு நிர்வாகத்தில் ஆசிரியர். ஒப்சியோன் எழுதவில்லை, இந்தியர் ஆனார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக பிரான்சில் இருந்தார், பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார். சின்னம்மா அப்போது புதுவையில், எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவரிடம் யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை. ஆகவே கணவர் பிரெஞ்சு, மனைவி இந்தியர். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

வரி என்ற சொல் அடுத்த ஆண்டு வந்தது. 1961ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம் 1963 ஏப்ரல் 1 முதல் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டது. அந்தச் சட்டம் ஒருவருடைய பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. ஓர் ஆண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தார் என்றுதான் பார்க்கும். 182 நாள் இருந்தால் அவர் 'வசிப்பவர்'. தொடர்ந்து பல ஆண்டுகள் வசிப்பவருக்கு உலகத்தில் எங்கே கிடைக்கும் வருமானமும் கணக்கில் சேரும். சித்தப்பா பிறந்த வீட்டிலேயே வந்து தங்கினார். பிரான்சின் கணக்கில் அவர் வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர். இந்தியாவின் கணக்கில் வெளிநாட்டு வருமானம் உள்ள இந்திய வாசி.

இரண்டு நாடும் ஒரே பணத்துக்கு வரி கேட்டால் கிழவர்கள் என்ன செய்வார்கள்? அதற்காகத்தான் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம். இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே 1969இல் ஒன்று போடப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1992 செப்டம்பர் 29 அன்று கையெழுத்தாகி 1994 ஆகஸ்டு 1 முதல் செல்லுபடியானது. அரசு வேலைக்கான பென்சனைப் பற்றி அதில் இரண்டு வரிகள் உண்டு. எந்த அரசு பென்சன் கொடுக்கிறதோ அந்த நாடு மட்டுமே அதற்கு வரி போடலாம் என்பது முதல் வரி. பென்சன் பெறுபவர் மற்ற நாட்டில் வசிப்பவராகவும் அந்நாட்டுக் குடிமகனாகவும் இருந்தால், அந்த மற்ற நாடு மட்டுமே வரி போடலாம் என்பது இரண்டாவது வரி.

முதல் வரி சித்தப்பாவுக்குப் பொருந்தியது. ராணுவ பென்சன்; பிரெஞ்சுக் குடியுரிமை. ஆகவே பிரான்சுக்கு மட்டுமே வரி. வெளிநாட்டில் வசிப்பவர்களின் பென்சனில் பிரான்ஸ் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. ஒரு குறிப்பிட்ட தொகை வரை பூஜ்யம், அதற்கு மேல் 12 விழுக்காடு, அதற்கும் மேல் 20 விழுக்காடு. சாதாரணச் சொல்தாவின் பென்சன் பூஜ்யத்திலேயே முடிந்துவிடும். முன்னாள் போர்வீரர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்கும் ஊன பென்சனுக்கும் அங்கே வரியே கிடையாது.

சித்தப்பா காலமான பிறகு இரண்டாவது வரி வேலை செய்யத் தொடங்கியது. விதவைக்குப் பாதி பென்சன் வரும். சின்னம்மா இந்தியக் குடிமகள், வசிப்பதும் புதுவையில். ஆகவே அதே பணத்துக்கு வரி போடும் உரிமை பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு மாறிவிட்டது. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். மாதம் 600 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூரோவுக்கு 80 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 5,76,000 ரூபாய். 600 யூரோவுக்கு பிரான்சில் வரி பூஜ்யம். இந்தியாவிலோ, பழைய வரி முறையில் 80 வயது கடந்தவர்களுக்கு விலக்கு 5 லட்சம் வரைதான். கணக்குத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். பென்சன் பாதியாகக் குறைந்தது, வரி விஷயம் அதிகமானது. பக்கத்து வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற விதவைக்கு இந்தத் தொல்லை இல்லை. "அவளுக்கு இல்லாதது எனக்கு ஏன்?" என்று சின்னம்மா கேட்டார். 1962இல் எழுதாமல் விட்ட ஒரு தாள்தான் காரணம் என்று எண்பது வயதுக்காரரிடம் எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். "அப்போ எனக்குக் கையெழுத்துப் போடவே தெரியாதே தம்பி" என்றார்.

மூன்றாவது வகை, பிரான்சில் தொழிற்சாலையிலும் கம்பெனியிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள். இவர்களுடையது அரசு பென்சன் அல்ல. இவர்களிடம் வசிக்கும் நாடு வரி கேட்கலாம். குடியுரிமை என்னவென்று பார்ப்பதில்லை. ஆனால் நெடுங்காலம் வெளியில் இருந்து திரும்பியவர்களுக்கு இந்தியச் சட்டம் ஒரு சலுகை வைத்திருந்தது. 'வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்லர்' என்று ஒரு நடுநிலை. அந்த நிலையில் இருக்கும்வரை வெளிநாட்டில் கிடைத்து, அங்கேயே முதலில் பெற்றுக்கொள்ளும் வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. முன்பெல்லாம் இந்தச் சலுகை ஒன்பது ஆண்டு வரை நீடிக்கும். 2003ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதன் சொற்களை மாற்றியது. சலுகை இரண்டு, மூன்று ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது. 1994இல் திரும்பியவர் ஒன்பது ஆண்டும் அனுபவித்தார். 1998இல் திரும்பியவருக்குப் பாதி வழியில் நின்றது. சித்தப்பாவின் மகன் 2021இல் வந்தார். அவர் பெட்டிகளைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் காலம் முடிந்துவிட்டது போல இருந்தது.

இந்தச் சலுகையில் ஒரு நுணுக்கம் உண்டு. பென்சன் நேராகப் புதுவை வங்கிக் கணக்கில் வந்து விழுந்தால், அது இந்தியாவிலேயே பெற்ற பணம் ஆகிவிடும், சலுகை கிடைக்காது. முதலில் பிரான்சிலுள்ள கணக்கில் விழுந்து பிறகு இங்கே அனுப்பப்பட்டால் அந்தச் சிக்கல் இல்லை. பணம் ஒன்றுதான், வந்த வழிதான் வேறு.

ஆறு மாதம் பிள்ளைகளோடு பிரான்சில், குளிர்காலத்தில் புதுவையில் என்று இருப்பவர்கள் 2020இல் மிகவும் பயந்தார்கள். 182 நாள் என்ற வரம்பை 120 ஆக்கிவிட்டார்கள் என்ற பேச்சு தெருத்தெருவாகப் பரவியது. உண்மையில் அது இந்தியாவில் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும். அவர்களுக்கும் மேலே சொன்ன நடுநிலைதான். பிரான்சுப் பென்சனைத் தொடாது. பிரான்சிலும் மாற்றம் வந்தது. அங்கே வீட்டு வாடகை போன்ற வருமானம் உள்ள வெளிநாட்டு வாசிகளுக்குக் குறைந்தபட்ச விகிதம் 20 விழுக்காடாக இருந்தது. 2018ஆம் ஆண்டு வருமானம் முதல், ஒரு வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு அது 30 ஆனது.

விகிதத்தைவிட எங்கள் வயதினரை அதிகம் தொட்டது வேறொன்று. 2012 முதல், இந்தியாவில் நிலையாக வசிப்பவர்கள் வெளிநாட்டு வங்கிக் கணக்கை வருமான வரிப் படிவத்தில் காட்டவேண்டும். 2015இல் கறுப்புப் பணச் சட்டம் வந்தது. காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம். 2017 முதல் இரண்டு நாடுகளும் வங்கி விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. பிரான்சு வங்கிகள் 'எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள்?' என்று கடிதம் அனுப்புவது இதனால்தான். மறைப்பதற்கு எதுவும் இல்லாத கிழவர்கள்தான் இதில் அதிகம் கலங்கினார்கள். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய் வரை உள்ள கணக்குகளுக்கு அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். ஆனாலும் காட்டவேண்டிய கடமை போய்விடவில்லை.

'லிவ்ரே ஆ' சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதன் வட்டிக்கு பிரான்சில் வரி கிடையாது. இந்தியாவில் நிலையாக வசிப்பவருக்கு அது வருமானம்தான். வெளிநாட்டுக் கணக்கு வைத்திருந்தால் முதலாம் எண் படிவம் போதாது. இரண்டாம் எண் படிவத்தில்தான் தாக்கல் செய்யவேண்டும்.

என்னிடம் காகிதத்தோடு வருபவர்களிடம் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். உங்கள் குடியுரிமை என்ன? சென்ற ஆண்டு எத்தனை நாள் இங்கே இருந்தீர்கள்? பென்சன் கொடுப்பது அரசா, கம்பெனியா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் ஆடிட்டரிடம் பாதி வேலை முடிந்த மாதிரி. கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாகக் கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதி, உயிர்ச் சான்றுக் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள். நசியோனாலிதே சான்றிதழின் நகலையும் அதோடு வையுங்கள். ஒருவர் போன பிறகு மற்றவர் அந்தப் பீரோவைத் திறக்கும்போது, எந்த நாட்டுக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.