எட்டணா அரங்கமும் எரிந்த சந்தையும்

வேப்பனப்பள்ளியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு இசைத்தட்டு இருக்கிறது. அந்தக் கால அரக்குத் தட்டு. ஓரத்தில் ஒரு சில்லு போயிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் கிராமபோன் பெட்டி இருந்ததில்லை! 'அப்புறம் எதுக்குப்பா வாங்கினீங்க?' என்று கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில்தான். 'மூர் மார்க்கெட்ல ரெண்டு ரூபாய்னு சொன்னான். விட்டுட்டு வர மனசு வரலை.'

2024-ல் ஒரு கல்யாணத்துக்காக அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். குப்பத்தில் ரயில் ஏறினால் நேராக சென்ட்ரல். வெளியே வந்ததும் அப்பா இடம் தெரியாமல் நின்றார். 'மார்க்கெட் எங்கடா?' என்றார். புறநகர் ரயில்கள் கிளம்பும் கட்டடத்தைக் காட்டி, 'இதுதாம்பா அந்த இடம்' என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எரிந்துபோன செய்தி அவருக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, அந்த இடத்தில் நின்று பார்ப்பது வேறு அல்லவா?

கொஞ்ச தூரம் நடந்தோம். ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் சாரம் கட்டிய ஒரு செங்கல் கட்டடம். 'இதாவது இருக்கே!' என்றார் அப்பா. அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். 2023-ல் தொடங்கி, 30 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு மாநகராட்சி புதுப்பித்துக்கொண்டிருந்த சமயம் அது.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டடங்கள். ஒன்று பிழைத்தது, ஒன்று போய்ச் சேர்ந்தது. ஏன்? அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

சென்னைக்கென்று ஒரு நகர மண்டபம் வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆசைப்பட்டார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். (ஹம்பி விஜயநகரம் அல்ல, ஆந்திராவில் இருக்கும் விஜயநகரம்!) வரைபடம் போட்டவர் ராபர்ட் சிஸம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய அதே ஆசாமி. சிவப்புச் செங்கல், சுண்ணாம்புக் காரை, கோபுரத்தின் உச்சியில் திருவாங்கூர் பாணியில் ஒரு கூரை என்று கலந்துகட்டி அடித்தார். கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா ராணி பட்டமேறிய பொன்விழாவை ஒட்டி மண்டபத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

நிலம் 57 கிரவுண்டு. 99 வருடக் குத்தகை. வாடகை எவ்வளவு தெரியுமா? கிரவுண்டுக்கு எட்டணா! நான் பி.காம். படித்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? மொத்தம் இருபத்தெட்டரை ரூபாய். அந்தத் தொகைக்குச் சென்னைக்குக் கிடைத்ததைப் பாருங்கள். கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம், ஒவ்வொன்றிலும் சுமார் 600 பேர் உட்காரலாம். ஊரின் முதல் சலனப்படக் காட்சிகளில் சில இங்கேதான் நடந்தன. 1897 பிப்ரவரியில், அமெரிக்கா போய்த் திரும்பிய விவேகானந்தர் இங்கே பேசினார்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நாடகம். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். இந்த ஹால்தான் அதற்கு வீடு மாதிரி. 'கூத்தாடி' என்று சமூகம் ஒதுக்கிவைத்திருந்த தொழிலுக்கு வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசிக்கொண்டு வந்தார்கள். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கினார் பம்மல். மைக் கிடையாது. வசனமோ பாட்டோ, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றால் தொண்டையும் கூரையும்தான் துணை.

சரி, டிக்கெட் வாங்க வசதி இல்லாதவன் என்ன செய்வான்? இங்கேதான் பக்கத்துச் சந்தை வருகிறது.

1898-ல் மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்ட, 1900-ல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. அதுவும் சிவப்புக் கட்டடம்தான். காய்கறி, இறைச்சியில் ஆரம்பித்து, போகப் போகப் பழைய புத்தகம், பழைய சாமான், வளர்ப்புப் பறவை என்று கிடைக்காத பொருளே இல்லை என்றானது. பணக்கார வீடுகளில் பாடி ஓய்ந்த இசைத்தட்டுகளும் இங்கேதான் வந்து சேர்ந்தன. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம் ஓடும் தட்டு. மேடையில் மணிக்கணக்கில் பாடியவர்களையெல்லாம் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடைத்துவைத்திருந்தார்கள். அதை இரண்டு ரூபாய்க்கு ஒருத்தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம். ஏழைக்கு வாய்த்த சங்கீத சபா அதுதான்!

1985 மே 30. மூர் மார்க்கெட் தீப்பிடித்தது. கடைக்காரர்களுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். எரிந்து நின்ற சுவர்களைச் சீர்ப்படுத்தாமல் இடித்துவிட்டு, அந்த இடத்தில் ரயில்வே வளாகம் எழுந்தது.

அதே 1985-ல் பாரீஸில் என்ன நடந்தது தெரியுமா? லா வில்லெட் என்ற இடத்தில் 1867-ல் கட்டிய பிரமாண்டமான மாட்டுச் சந்தைக் கொட்டகை ஒன்று. இறைச்சிக்கூடம் 1974-ல் மூடப்பட்டதும் கொட்டகைக்கு வேலை இல்லை. இடித்துத் தள்ளியிருக்கலாம். செய்யவில்லை. இரும்புத் தூண்களை அப்படியே வைத்துக்கொண்டு, கச்சேரிக்கும் கண்காட்சிக்குமான அரங்கமாக மாற்றினார்கள். 1985-ல் திறந்தார்கள். மாடு கத்திய இடத்தில் இன்று சங்கீதம்!

கல்லூரியில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் எடுப்பார்கள். கட்டடத்தின் மதிப்பை வருடா வருடம் கழித்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் ஏட்டில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் நிலத்துக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்த ஒற்றை வரிக்கு அர்த்தம், சென்ட்ரல் வாசலில்தான் எனக்குப் புரிந்தது. நம் ஊரில் பழைய கட்டடம் ஏன் நிற்பதில்லை? ஏட்டில் கட்டடத்தின் விலை இறங்கிக்கொண்டே போகிறது, அடியில் இருக்கும் மண்ணின் விலை ஏறிக்கொண்டே போகிறது. ராணி பெயரும் பெரிய மனிதர்களின் ஞாபகமும் ஹாலுக்கு இருந்தன. அந்த ஹாலே பல வருடம் பாழடைந்து கிடந்துதான் பிழைத்தது. பழைய புத்தகத்துக்கும் சில்லு போன தட்டுக்கும் யார் சிபாரிசு செய்வார்கள்?

பாரீஸ் கதையை அப்பாவிடம் சொன்னேன். ஆச்சரியப்படுவார் என்று பார்த்தால், சிரித்தார். 'இதுல என்னடா அதிசயம்? நம்ம பக்கம் பகல்ல சந்தை, ராத்திரி அதே திடல்ல பாரதக் கூத்து. தமிழ்க்காரன், தெலுங்குக்காரன், கன்னடக்காரன் எல்லாம் ஒரே சாக்குல உக்காந்து பார்ப்போமே!'

வாயடைத்துப் போனேன். சந்தையை அரங்கமாக்கும் வித்தை நமக்குப் புதிதே இல்லை. மூர் மார்க்கெட்டின் சுவர்கள் முன்னால் நின்றபோது மட்டும் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஊர் திரும்பியதும் அப்பா பரணிலிருந்து தட்டை இறக்கி, ஈரத்துணியால் துடைத்தார். 'பெங்களூர்ல எங்கேயாவது பழைய பெட்டி வச்சிருப்பான், விசாரிச்சுப் பாரு' என்றார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதில் யார் பாடியிருக்கிறார்கள் என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது. நடுவில் ஒட்டிய காகிதம் எப்போதோ உரிந்துவிட்டது.