லாஃப்பில் 'ஃப்', லைட்டில் சத்தமே இல்லை... ஆங்கிலத்தின் 'ஜி-எச்' குழப்பம் ஏன்? எளிய விளக்கம்!

ஜி.எச். என்றாலே தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அரசு மருத்துவமனைதான். ஆனால், ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு 'ஜி', 'எச்' என்ற இந்த இரண்டு எழுத்துகளே பெரிய தலைவலி. இவை சேர்ந்து வந்தால் 'கோஸ்ட்' என்பதில் 'க' ஒலி. 'லாஃப்' என்பதில் 'ஃப்' ஒலி. 'லைட்' என்பதில் ஒலியே கிடையாது!

எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை இங்கேதான் தடுமாறும். உடனே வகுப்பே சிரிக்கும். உண்மையில் அந்தப் பிள்ளை மீது எந்தத் தப்பும் இல்லை. ஏன் தெரியுமா?

சத்தம் போனது, எழுத்து நின்றது

பழைய ஆங்கிலத்தில் இரவு, வெளிச்சம், மகள் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களின் நடுவில், தொண்டையிலிருந்து வரும் ஒரு காற்றொலி இருந்தது. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் அது இன்றும் இருக்கிறது. அங்கே இரவுக்கு 'நாஹ்ட்', மகளுக்கு 'டோஹ்டர்' என்று சொல்வார்கள்.

முதலில் இந்த ஒலியை 'எச்' என்ற ஒரே எழுத்தால்தான் எழுதினார்கள். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு எழுதும் முறை கொஞ்சம் கொஞ்சமாக மாறி, 'ஜி-எச்' புழக்கத்துக்கு வந்தது. 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சுப் புத்தகங்கள் பெருகப் பெருக, எழுத்துக்கூட்டல் மெல்ல உறைந்துபோனது. அதே காலகட்டத்தில் மக்களின் பேச்சிலிருந்து அந்தத் தொண்டை ஒலி மறைந்துகொண்டிருந்தது. சில சொற்களில் மட்டும் அது 'ஃப்' என்று மாறி நின்றுவிட்டது.

ஆக, ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். வாசலில் பெயர்ப்பலகை மட்டும் தொங்குகிறது. 'ஜி-எச்' கதை இதுதான்.

முதலில் வந்தால் 'க'

சொல்லின் தொடக்கத்தில் 'ஜி-எச்' வந்தால் எப்போதும் 'க' ஒலிதான். 'எச்' இருப்பதையே மறந்துவிடலாம்.

* கோஸ்ட் – பேய், ஆவி
* கூல் – பிணம் தின்னும் பூதம். அரபியிலிருந்து வந்த சொல்
* கெட்டோ – ஒரு சமூகத்தினரை ஒதுக்கிவைத்த குடியிருப்பு. இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்த சொல்
* கெர்கின் – ஊறுகாய் போடும் குட்டி வெள்ளரிக்காய்
* கீ – நம்ம ஊர் நெய்தான்; இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது

'ஸ்பகெட்டி', 'ஆப்கான்' போன்ற வெளிமொழிச் சொற்களில் நடுவில் வந்தாலும் இதே ஒலிதான்.

'ஐ' எழுத்துக்குப் பின் வந்தால் மௌனம்

* ஹை – உயரமான
* சை – பெருமூச்சு
* தை – தொடை
* மைட் – வலிமை
* வெயிட் – எடை
* நெய்பர் – பக்கத்து வீட்டுக்காரர்
* நைட் – 'என்' எழுத்தில் தொடங்கினால் இரவு. 'கே' எழுத்தில் தொடங்கினால் குதிரை வீரன்

இந்தக் கூட்டத்தில் ஒரு போலியும் உண்டு. மகிழ்ச்சி என்ற பொருள் தரும் 'டிலைட்', பிரெஞ்சு வழி வந்த சொல். அதில் 'ஜி-எச்' இருந்ததே இல்லை. 'லைட்' என்ற சொல்லைப் பார்த்து, பின்னாளில் சும்மா சேர்த்துவிட்டார்கள்.

'யு' எழுத்துக்குப் பின் வந்தால் உஷார்!

உண்மையான சிக்கல் இங்கேதான். முதலில் மௌனமாக நிற்பவை:

* தாட் – எண்ணம்
* டாட்டர் – மகள்
* ட்ரவுட் – வறட்சி
* த்ரூ – வழியாக
* தோ – இருந்தாலும்
* டோ – பிசைந்த மாவு
* பவ் – மரக்கிளை
* ப்ளவ் – ஏர். அமெரிக்கர்கள் இதில் 'ஜி-எச்'சையே தூக்கிவிட்டு 'டபிள்யூ' போட்டு எழுதுகிறார்கள்

'ஃப்' ஒலி தருபவை:

* லாஃப் – சிரிப்பு
* காஃப் – இருமல்
* ரஃப் – கரடுமுரடான
* டஃப் – கடினமான
* இனஃப் – போதும்
* ட்ராஃப் – மாட்டுத் தொட்டி

அன்றாடம் புழங்கும் 'ஃப்' சொற்கள் கிட்டத்தட்ட இவ்வளவுதான். இந்த ஆறையும் மனப்பாடம் செய்தால் பாதி பயம் போய்விடும்.

இன்னொரு எளிய அடையாளம்: 'ஜி-எச்'சை ஒட்டி உடனே 'டி' வந்தால் பெரும்பாலும் மௌனம்தான். விதிவிலக்கு இரண்டு. ஒன்று, 'லாஃப்' வழி வந்த 'லாஃப்டர்'. மற்றொன்று, அறைக்குள் நுழையும் குளிர்காற்றைக் குறிக்கும் 'ட்ராஃப்ட்'. ஆனால், 'லாஃப்டர்' முன்னால் ஒரு 'எஸ்' சேர்த்துப் பாருங்கள். அது 'ஸ்லாட்டர்' ஆகிவிடும். பொருள், படுகொலை! 'ஃப்' ஒலியும் காணாமல் போய்விடும்.

மீனை இப்படியும் எழுதலாமா?

ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கிண்டல் செய்ய ஒரு பழைய ஜோக் உண்டு. 'ஜி-எச்-ஓ-டி-ஐ' என்று எழுதிவிட்டு 'ஃபிஷ்' என்று படிக்கலாமாம்! 'இனஃப்' சொல்லில் இருந்து 'ஃப்', 'விமன்' சொல்லில் இருந்து 'இ', 'நேஷன்' சொல்லில் இருந்து 'ஷ்' என்பது கணக்கு.

இதைச் சொன்னவர் பெர்னார்ட் ஷா என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால், 1855-ல் எழுதப்பட்ட ஒரு கடிதத்திலேயே இந்த ஜோக் இருக்கிறது. ஷா பிறந்ததோ 1856-ல்!

ஜோக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ஜி-எச்' ஒருபோதும் 'ஃப்' ஆகாது. அதாவது ஆங்கிலம் நினைத்தபடி எல்லாம் ஓடுவதில்லை. எழுத்து நிற்கும் இடத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அடுத்த முறை வீட்டுப் பிள்ளை இந்தச் சொற்களில் தடுமாறினால் சிரிக்க வேண்டாம். அந்த எழுத்துகளைச் சத்தமாக வாசிக்க முயல்வது, ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே செய்ததுதான். முதலில் வந்தால் 'க', 'ஐ'க்குப் பின் மௌனம், 'யு'வுக்குப் பின் அந்த ஆறு சொற்களை மட்டும் கவனி என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.