உழவர் சந்தை வந்த வழி

கோடையிலே வெண்டையும் கீரையும் பறிச்ச அன்றைக்கே விலையாகணும். மறுநாள் வரை வைத்தால் வாடிப்போகும். கமிஷன் மண்டியில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்ததற்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

இதற்கு மாற்றாக 1987-இல் பஞ்சாபில் 'அப்னி மண்டி' வந்தது. நம்ம மண்டி என்று அர்த்தம். 1999 ஜனவரியில் ஆந்திராவில் 'ரைத்து பஜார்' தொடங்கினார்கள். அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் நம் மாநிலத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது.

கடைக்கு வாடகை இல்லை, தராசும் இலவசம். விலையைத் தினமும் பலகையில் எழுதிப் போட்டார்கள்: மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, சில்லறை விலைக்குக் கொஞ்சம் கீழே. நிலத்தையும் பயிரையும் பார்த்த பிறகே அடையாள அட்டை. என்னைக் கேட்டால், சந்தைக்கு உயிரே அந்த அட்டைதான். அதை இரவல் கொடுத்தால் வியாபாரி உள்ளே வந்து உட்கார்ந்துடுவார், நாம வெளியே நிற்கணும்!

2001-க்குப் பின் பல சந்தைகள் களையிழந்தன. 2006-க்குப் பிறகு மறுபடி கவனிப்பு வந்தது.

2016 ஏப்ரல் 14-இல் மத்திய அரசு 'இ-நாம்' என்ற மின்னணுச் சந்தையைத் தொடங்கியது. ஆனால் அங்கே ஏலம் கேட்பவர் வியாபாரி, வீட்டுக்காரம்மா அல்ல. 2020 ஊரடங்கில்தான் நம்மவர் பலர் வாட்ஸ்அப்பில் நேரே வீடுகளுக்கு ஆர்டர் எடுத்தார்கள். முதல் நாள் சாயங்காலமே கணக்கு வந்துவிடும். விடியலில் அத்தனை கிலோ மட்டும் பறித்தால் போதும், மிச்சம் செடியிலேயே இருக்கும்.