பதினாறு வயதும் புதுக்கோட்டையும்

'வயசு ஏறிப்போச்சு, இனி இவனை எங்க சேக்குறது?' மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்கிற கேள்வி இது. கற்பது மெதுவாக இருக்கிறது, வயதோ நிற்பதில்லை. பதினாறில் எட்டாம் வகுப்புப் பாடத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளையைப் பள்ளி 'முடித்துவிட்டவன்' என்று கணக்கெழுதிவிடுகிறது. ஆனால் பள்ளி வயது என்பது இயற்கையல்ல, அதிகாரம் கட்டியது. புதுக்கோட்டை இதை இரண்டு முறை பார்த்திருக்கிறது.

1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமிக்குப் பூப்பெய்தியதோடு பள்ளி முடிந்தது. வீட்டிலிருந்தே படித்து 1902இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து? ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியது. பெண், அதிலும் தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. தந்தையே அக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அந்தச் செல்வாக்கு இருந்த வீட்டுக்கே இந்தப் பாடு! முத்துலட்சுமி ரெட்டியின் மேதைமையைக் கொண்டாடுகிற நம் எழுத்துகள் இந்த அனுமதியின் அரசியலை அவ்வளவாகத் தொடுவதில்லை.

இரண்டாவது, அறிவொளி இயக்கம். 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் குறிவைத்தது 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களை. அதாவது மற்ற இடங்களில் 'இனிப் படிப்பெதற்கு' என்கிற வயதுதான் இங்கே தொடக்க வயது. 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டையில் இது பரவியபோது சம்பளமில்லாத தொண்டர்கள் இரவில் பாடம் நடத்தினார்கள். எழுத்து சைக்கிளுக்குப் போனது, கல்குவாரிக் குத்தகைக்கும் போனது. கற்பவர் வசதிக்கு வகுப்பு வந்ததே தவிர, வகுப்பின் விதிக்குக் கற்பவர் வளையவில்லை.

நான்காண்டுகள் கழித்து, 1995 ஊனமுற்றோர் சட்டம் வருகிறது. பிரிவு 26 பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி என்றது. பிரிவு 27 இன்னும் சுவாரசியமானது: பதினாறும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பகுதிநேர எழுத்தறிவு வகுப்பு, கிராமத்தில் கிடைக்கும் ஆட்களுக்கே பயிற்சி தந்து முறைசாராக் கல்வி. கிட்டத்தட்ட அறிவொளியின் செய்முறை! (பதினாறு தாண்டினால் வெறும் 'செயல்முறை எழுத்தறிவு' போதுமென்று தீர்மானித்தது யார் என்பது தனிச் சண்டை.)

2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு என்று வேலி போட்டது. 2010இல் தமிழ்நாட்டில் பெயர் 'மாற்றுத்திறனாளி' ஆனது. பெயர் மாறினாலும் வேலி நகரவில்லை. 2016 சட்டம் நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டுவரை நீட்டியது. ஆனால் 1995 சட்டத்தோடு அந்தப் பதினாறு வயது வரியும் போய்விட்டது. மிஞ்சியது பிரிவு 18இன் ஒற்றை வாக்கியம்: வயதுவந்தோர் கல்வியிலும் தொடர்கல்வியிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பு.

பொதுத்தேர்வில் எழுதித்தர ஆள், கூடுதல் நேரம் என்பவையெல்லாம் தேர்வறைவரை வந்துசேர்ந்தவர்களுக்குத்தான். மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குத் தினமும் பிள்ளையைப் பஸ்ஸில் கூட்டிப்போகும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும். ஆகவே ஊருக்குள்ளேயே வகுப்பு வேண்டும். 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வி, தொண்டர்களுக்குப் பஞ்சமில்லை என்று காட்டியது. ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றது. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் பதினைந்துக்கு மேற்பட்டவர்களுக்கானது. அந்த மையத்தில் பதினாறு வயதுப் பையனின் பெயரை எழுதச் சொல்லிக் கேட்க அந்த 18ஆம் பிரிவு போதும். பையனால் உட்கார முடியாது, மற்றவர்களுக்குத் தொந்தரவு என்பார்கள். முத்துலட்சுமி விஷயத்திலும் மற்ற மாணவர்களின் பெயரால்தான் மறுத்தார்கள்.