குளக்கட்டில் நம் பங்கு எவ்வளவு?



நம் ஊர்க் குளத்தைத் தூர்வாரப் போகிறார்கள் என்ற கதை இரண்டு கிழமையாக ஓடுகிறது. கொந்தராத்து யாருக்கு, காசைக் கொண்டுவந்தது யார் என்பதுதான் தேநீர்க் கடையில் பேச்சு. எத்தனை கியூப் மண், குளத்தின் எந்தப் பக்கத்தில், அளப்பது யார் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. வயல் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள். வயல் இல்லாதவர்களும் வாசியுங்கள், உங்கள் வீட்டுக் கிணற்றில் ஊறுவதும் அந்தக் குளத்துத் தண்ணீர்தான்.

நம் மூத்தவாப்பாமார் காலத்துக்கும் முந்திய வழக்கம் இது: ஒரு குளத்தின் கீழ் ஒருவருக்கு எத்தனை ஏக்கர் வயலோ, அதற்கேற்ற நீளம் குளக்கட்டில் அவருடைய பங்கு. அந்தத் துண்டில் எலி வளை தோண்டினாலும், மாடு ஏறி மண் சரிந்தாலும் அவரே மண் போட்டு இறுக்க வேண்டும். வாய்க்காலிலும் அப்படியே. யாருடைய துண்டு பழுதென்பது கட்டில் நடக்கும் எவருக்கும் கண்ணால் தெரியும்.

1832இல் பிரித்தானிய அரசு இராஜகாரியத்தை ஒழித்தது. கோல்புறூக் ஆணைக்குழு சொன்னபடி நடந்தது அது. மனிதரைக் கட்டாய வேலைக்கு இழுப்பதை நிறுத்தியது நல்ல காரியம், அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அரசனுக்குச் செய்த ஊழியத்தோடு சேர்த்து, ஊர் தனக்குத் தானே செய்துகொண்ட குளத்து வேலையின் பிடியும் தளர்ந்துபோனது. பங்கைச் செய்யாதவரைக் கேட்க வழக்கம் இருந்தது, சட்டம் இல்லை. பத்துப் பேர் செய்து ஒருவர் செய்யாவிட்டால் வெள்ளம் அந்த ஒருவரின் துண்டில்தான் உடைக்கும், பதினொரு பேரின் வேளாண்மையும் போகும்.

இருபத்துநான்கு வருடம் கழித்துத்தான் அரசாங்கத்துக்கு இது உறைத்தது. ஆளுநர் சேர் ஹென்றி வோட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது. புதிதாக எதையும் கண்டுபிடித்த சட்டமல்ல. வயற்காரரைக் கூட்டி, அவர்களுடைய பழைய வழக்கங்களைக் கேட்டு, அவற்றுக்கே சட்ட வலுக் கொடுத்தார்கள். அதோடு சேர்த்து அரசாங்கமே பணம் போட்டுப் பெரிய குளங்களைத் திருத்திய முதல் இடங்களில் நம் பகுதியும் ஒன்று. அன்று மட்டக்களப்பு மாவட்டத்தோடு இருந்த இறக்காமக் குளமும் அம்பாறைக் குளமும் அப்படித்தான் திருத்தப்பட்டன. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான்.

இந்த ஏற்பாட்டை வயலில் நடத்தியவர் வட்டவிதானை. அவருக்குக் கூலி திறைசேரியிலிருந்து வரவில்லை, சூடு மிதித்தபின் வயற்காரர் அளந்து கொடுத்த நெல்லாக வந்தது. தண்ணீர் வராவிட்டால் நெல் இல்லை, நெல் இல்லாவிட்டால் அவருக்கும் இல்லை. இதைச் சொல்லும்போது பழைய காலத்தைப் பாலும் தேனுமாக்க நாங்கள் விரும்பவில்லை. வட்டவிதானை பல இடங்களில் போடியாரின் ஆளாக இருந்தார். ஏழை வயற்காரரின் பங்கு கண்ணுக்குப் பட்ட அளவுக்குப் போடியாரின் பங்கு படவில்லை. இருந்தாலும் குளக்கட்டைத் தினமும் நடந்து பார்க்க ஊருக்குத் தெரிந்த ஒரு மனிதர் இருந்தார்.

1870களில் ஆளுநர் சேர் வில்லியம் கிரகரி வடமத்திய மாகாணத்தில் இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். மண்வேலையை ஊரவர் செய்ய வேண்டும், செய்து முடித்தால் மதகை அரசாங்கம் இலவசமாகப் போட்டுக் கொடுக்கும். அதுவும் ஓர் ஒப்பந்தம்தான், அதில் கொந்தராத்துக்காரர் ஊரே. தன் வயலுக்கு மேலே நிற்கும் கட்டில் எவரும் கள்ள மண் போடமாட்டார்.

பிறகு காலம் வேகமாக ஓடியது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் வந்தது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது இங்கினியாகலை அணைக்கட்டை அமெரிக்காவின் மொறிசன் நட்சன் கம்பனி ஒப்பந்தம் எடுத்துக் கட்டியது. அந்த அளவு வேலையை மண்வெட்டியால் செய்ய முடியாது, கொந்தராத்து என்றாலே களவு என்று பேசுகிறவர்கள் சேனாநாயக்க சமுத்திரத்தை ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம். 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் வட்டவிதானையின் இடத்தில் விவசாயிகள் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுவை வைத்தது. நோக்கம் நியாயமானது. ஆனால் 1972இன் சட்டத்தோடு தெரிவு போய் நியமனம் வந்தது, நியமனத்தோடு கட்சி வந்தது. குளத்து விடயம் பேச ஊரவர் எம்பியின் வீட்டு வாசலில் நிற்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான் என்பது எங்கள் எண்ணம்.

இதற்கு நடுவே நம் கல்லோயா இடதுகரையிலேயே வேறொன்றும் நடந்தது. 1981இல் சமுத்திரத்தில் தண்ணீர் மிகக் குறைவு. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களைப் பயிற்றி விவசாயிகளிடம் அனுப்பின. வருடக்கணக்கில் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை விவசாயிகள் சிரமதானமாக வெட்டினார்கள், தண்ணீரை முறைவைத்து விட்டார்கள். மேலேயிருந்த சிங்கள விவசாயிகள் விட்டுக்கொடுத்த தண்ணீர் கீழேயிருந்த தமிழ் பேசும் விவசாயிகளின் வயலுக்கு வந்தது. நோர்மன் அப்ஹொஃப் என்ற அறிஞர் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். உலகத்தில் பல பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள், இங்கே நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. படிப்பிக்காத குற்றம் எங்களுடையது.

அந்த அனுபவமும் சேர்ந்துதான் 1991இல் கமநல சேவைச் சட்டத்தைத் திருத்தி விவசாய அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதைத் தொடர்ந்தது. இன்று 80 ஹெக்டேயருக்குட்பட்ட வயலுக்குப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அவற்றின் சிறிய வேலைகளை வெளிக் கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்காமல் விவசாய அமைப்புக்கே கொடுக்கலாம். ஊரின் வேலை ஊருக்கே திரும்பி வருவதற்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

அந்த வாசலில் நாம் என்ன செய்தோம்?

சில வருடங்களுக்கு முன் ஒருமுறை நம் குளத்தில் வேலை நடந்தது நினைவிருக்கும். யார், எந்த அமைப்பு என்று எழுதப் போவதில்லை, அவர்கள் மட்டும் குற்றவாளிகளும் அல்லர். காகிதத்தில் ஊர் எடுத்த வேலை. தளத்தில் அது மெஷின் வைத்திருந்தவரின் வேலை. கையெழுத்து நமது, மண் அவருடையது. டிப்பர் ஏற வசதி என்று குளக்கட்டுக்குக் கிட்டவே தோண்டினார்கள். வண்டல் படிந்து மேடாகிப்போன மேற்பகுதியை, தண்ணீர் வந்து விழும் பக்கத்தை, ஒருவரும் தொடவில்லை. அங்கே பாதை இல்லையாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மண்ணில் இருபத்தைந்து லோட் எங்கள் பாடசாலை மைதானத்தைத் தேடி வந்தது. பள்ளமாகக் கிடந்த மைதானம் நிரம்பியது, ஆசிரியர்கள் எல்லோரும் நின்று படம் எடுத்துப் போட்டோம். இந்த மண் குளத்தின் எந்த இடத்தில் வெட்டியது என்று எங்களில் ஒருவர் கேட்டிருக்கலாம். அந்த மாரியில் கட்டின் அடியில் தண்ணீர் கசிந்து, இஷாவுக்குப் பிறகு ஊரே மண்மூட்டையோடு ஓடியது. மூட்டையில் போட மண் எங்கே எடுத்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? அதே மைதானத்தில்தான்.

தூர்வாரும் வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கட்டடத்தில் குறை இருந்தால் அடுத்த வருடமும் கண்ணுக்குத் தெரியும். குளத்தில் வடகீழ்ப் பருவமழை இறங்கி ஒரு கிழமை போதும், தோண்டிய குழியும் தோண்டாத மேடும் ஒன்றாகிவிடும். அதற்குமேல் அளப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே வேலை தொடங்குமுன் ஒரு மட்டம், முடிந்தபின் தண்ணீர் ஏறுமுன் இன்னொரு மட்டம். இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்துக்குத்தான் பில் எழுத வேண்டும்.

கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே வரும். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் ஓர் அடி ஆழம் வெட்டினால் 43,560 கன அடி. 100 கன அடி ஒரு கியூப் என்றால் ஏறக்குறைய 435 கியூப். வெட்டிய மண் குலைந்து பொங்கும் என்பதை விட்டுவிட்டாலும், மூன்று கியூப் ஏற்றும் டிப்பருக்கு 145 லோட். அடுத்த முறை யாராவது “ஐந்து ஏக்கர், மூன்றடி” என்று சொன்னால் இரண்டாயிரத்துக்கு மேல் லோட் நம் வீதியால் போயிருக்க வேண்டும். வீதியோரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு அது போனதா இல்லையா என்று தெரியாமலா இருக்கும்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. திணைக்களமோ பிரதேச சபையோ, எதுவானாலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும், எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்க முடியாது. கொந்தராத்துப் பத்திரம், அளவுப் பட்டியல், வரைபடம், வேலைக்கு முன் எடுத்த மட்டம் ஆகிய நான்கையும் கேட்டுத் தமிழில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். வயற்காரர் ஒருவர் முதல் கையெழுத்துப் போட்டால் நல்லது, வாத்தியார்மார் பின்னால் போடுகிறோம்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு குளக்கட்டில் வான் பக்கமாக நிற்போம். நூறு அடி டேப் ஒன்றும் கம்பு நாலும் பாடசாலையிலிருந்து வரும். பழைய பங்குத் துண்டுகள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்று தெரிந்த பெரியவர்கள் ஊரில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். நடக்க முடியாதவரை யாராவது ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வாருங்கள், வாடகையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.